படிவம் தயாரிப்பவர்களுக்கு ஒரு ஜெராக்ஸ் கடைக்காரரின் திறந்த மடல்

அரசு அலுவலகத்திலோ வங்கியிலோ, இன்ஷூரன்ஸிலோ கல்லூரியிலோ, கம்பெனி ஹெச்.ஆரிலோ உட்கார்ந்து, ‘இந்தப் படிவத்தில் என்னென்ன கேட்கலாம், கூட எதையெதை இணைக்கச் சொல்லலாம்’ என்று முடிவு செய்யும் அனைவருக்கும் வணக்கம்.

நான் வடசென்னையில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். போர்டில் ஜெராக்ஸ் என்று இருந்தாலும் பிழைப்பு ஓடுவது ஆன்லைன் விண்ணப்பத்தில்தான். சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், முதல் பட்டதாரி, பட்டா, பான் கார்டு, பி.எஃப். பணம், ஸ்காலர்ஷிப் என்று எல்லாமே இங்கே வரும். உங்கள் மேசையிலிருந்து கிளம்பிய படிவம் மக்கள் கைக்கு வந்து சேர்ந்ததும் என்ன பாடு படுகிறது, படுத்துகிறது என்பதைத் தினமும் பார்க்கிறவன் என்ற முறையில் எழுதுகிறேன். கோபத்தில் எழுதவில்லை. உண்மையைச் சொன்னால், உங்கள் படிவம் சிக்கலாக இருக்கும்வரைதான் என் கடை ஓடும். அந்த வகையில் உங்களுக்கு நான் கடமைப்பட்டவன்.

‘நடைமுறை எளிமையாக்கப்பட்டது’ என்று அடிக்கடி அறிவிப்பு வருகிறது. நாலு பக்கப் படிவம் ஒரு பக்கம் ஆகிவிட்டது என்பார்கள். வாங்கிப் பார்த்தால் கேள்வி ஒன்றுகூடக் குறைந்திருக்காது, எழுத்துதான் பொடியாகியிருக்கும். கண்ணாடி போட்டவர்களும் என்னிடம் நீட்டி ‘படிச்சுச் சொல்லுப்பா’ என்பார்கள். இல்லையென்றால் காகிதம் போய் வெப்சைட் வரும். காகிதத்தில் கேட்ட அதே கேள்விகள் இப்போது திரையில், சிவப்பு நட்சத்திரக் குறியோடு. காகிதத்திலாவது தெரியாத கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டுக் கவுன்ட்டரில் கேட்டுக்கொள்ளலாம். இங்கே அது நிரம்பாமல் அடுத்த பக்கம் திறக்காது.

என் அனுபவத்தில் ஒரு வேலையில் உள்ள சிக்கல் காணாமல் போவதே இல்லை, கைதான் மாறுகிறது. நீங்கள் சுமக்கவில்லையென்றால் கவுன்ட்டரில் இருப்பவர் சுமக்க வேண்டும். அவரும் தள்ளிவிட்டால் விண்ணப்பிக்கிறவர். அவருக்கும் முடியாதபோது நான், கட்டணத்துக்கு. லாரி டெஸ்லர் என்று ஒரு கணினி அறிஞர் இருந்தார். நாம் எல்லோரும் தினமும் செய்யும் கட், காப்பி, பேஸ்ட் நமக்குக் கிடைத்ததில் பெரிய பங்கு அவருடையது. அவர் இதை ஒரு விதியாகவே சொல்லிவைத்திருக்கிறார். எந்த வேலையிலும் இதற்கு மேல் குறைக்க முடியாது என்று ஓரளவு சிக்கல் இருந்தே தீரும். அதை மென்பொருள் எழுதுகிறவர் ஏற்பதா, பயன்படுத்துகிறவர் தலையில் கட்டுவதா என்பது மட்டுமே நம் கையில் இருக்கிறது என்றார். ஒரு பொறியாளர் ஒரு வாரம் கூடுதலாகக் கஷ்டப்பட்டு முடிக்க வேண்டியதை லட்சக்கணக்கானவர்கள் ஆளுக்குக் கொஞ்சமாகத் தினமும் கஷ்டப்பட்டுத் தீர்ப்பது என்ன நியாயம் என்பது அவர் கேள்வி.

சும்மா பொதுவாகப் பேசாமல் போட்டோ விஷயத்தையே எடுத்துக்கொள்வோம். பல தளங்களில் போட்டோ 20-லிருந்து 50 கேபிக்குள் இருக்க வேண்டும், கையெழுத்து 10-லிருந்து 20 கேபிக்குள் இருக்க வேண்டும். இன்றைக்கு ஒரு சாதாரணப் போனில் எடுக்கும் படமே சில எம்பி, அதாவது சில ஆயிரம் கேபி, வருகிறது. அதைச் சின்னதாக்குவது கணினிக்கு ஒரு நொடி வேலை. வாட்ஸ்அப்பில் பேத்தி படத்தை அனுப்பும் பாட்டி கேபி பார்த்தா அனுப்புகிறார்? அந்தச் செயலி தானே சுருக்கி அனுப்பிக்கொள்கிறது. உங்கள் தளம் அதைச் செய்யாததால், வேலைத் தேர்வுக்கு விண்ணப்பிக்கும் பெண் என் கடைக்கு வருகிறாள். போன மே மாதம் வந்த ஒருத்தி வெள்ளைத் தாளில் அழகாகக் கறுப்பு மையில் கையெழுத்துப் போட்டுக் கொண்டுவந்தாள். ஸ்கேன் செய்தால் 9 கேபி. தளம் ஏற்கவில்லை, சின்னதாக இருக்கிறதாம். சுற்றி வெள்ளை இடத்தைக் கொஞ்சம் கூட்டி வெட்டினேன், 11 ஆனது, ஏற்றுக்கொண்டது. வெறும் வெள்ளைத் தாளைச் சேர்த்ததற்கு 20 ரூபாய் வாங்கினேன். அந்த 20 ரூபாய் நீங்கள் போட்ட வரி என்றுதான் நான் நினைக்கிறேன், வசூலித்தது நானாக இருந்தாலும்.

இது சின்ன விஷயம். பெயர் விஷயம் அப்படி இல்லை, அது ஆளையே கொல்லும்.

தமிழ்நாட்டில் நம் ஆட்கள் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அப்பா பெயரின் முதல் எழுத்து இனிஷியல், அப்புறம் தன் பெயர், அவ்வளவுதான். இது உங்களுக்குத் தெரியாதது இல்லை. உங்கள் பெயரும் அப்படித்தான் இருக்கும். ஆனால் படிவம் தயாரிக்க உட்கார்ந்ததும் எங்கிருந்தோ முதல் பெயர், நடுப்பெயர், கடைசிப் பெயர் என்று மூன்று கட்டம் வந்துவிடுகிறது. கடைசிப் பெயர் கட்டாயம். செல்வம் என்று ஒருவர், அப்பா பெயர் கோவிந்தன் என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் அவர் ‘செல்வம் ஜி’. வங்கியில் ‘ஜி செல்வம்’. பான் கார்டுக்கு இனிஷியலை விரித்து எழுத வேண்டும் என்பது விதி, அதனால் அங்கே ‘கோவிந்தன் செல்வம்’. கம்பெனியில் சேர்த்தவர் கடைசிப் பெயர் கட்டத்தில் அப்பா பெயரைப் போட்டதால் ‘செல்வம் கோவிந்தன்’. ஆதாரில் இனிஷியலே இல்லாமல் வெறும் ‘செல்வம்’. நாலெழுத்துப் பெயர்தான். ஆனால் பி.எஃப். பணம் எடுக்கப் போகும் அன்று ஐந்து பேராக வந்து நிற்கிறார்.

பெண்கள் பாடு இன்னும் மோசம். கல்யாணத்துக்கு முன் அப்பா இனிஷியல், பின் கணவர் இனிஷியல், சிலர் மாற்றுவதில்லை, சிலருக்கு ரேஷன் கார்டில் மட்டும் மாறியிருக்கும். பிள்ளையின் பிறப்புச் சான்றிதழில் அம்மா பெயர் ஒரு மாதிரி, அம்மாவின் ஆதாரில் வேறு மாதிரி. ஸ்பெல்லிங் பற்றிப் பேசவே வேண்டாம். ‘லட்சுமி’யை ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதலாம் என்பதற்கு எங்கள் தெருவே சாட்சி. 2023 ஜூன் கடைசியில், ஆயிரம் ரூபாய் அபராதத்தோடு பான், ஆதார் இணைக்கும் கெடு முடிந்தபோது, பெயர் பொருந்தவில்லை என்ற ஒற்றை வரியோடு வந்தவர்கள்தான் கடையில் பாதிப் பேர்.

சரி, ஆள்மாறாட்டத்தைத் தடுக்க வேண்டாமா என்று கேட்பீர்கள். கட்டாயம் தடுக்க வேண்டும். ஆனால் செல்வம் ஜியும் ஜி செல்வமும் ஒரே ஆள் என்று என் கடைப் பையன் பார்த்ததும் சொல்லிவிடுவான். பிறந்த தேதி, அப்பா பெயர், போட்டோ மூன்றும் ஒத்துப்போகும்போது புள்ளி எங்கே வைத்தார், இனிஷியல் முன்னாலா பின்னாலா என்பதைக் கண்டுகொள்ளாமல் விடுமாறு மென்பொருளுக்குச் சொல்லிக்கொடுப்பது கஷ்டமான காரியம் இல்லை. சந்தேகம் வந்தால் மட்டும் ஆளைக் கூப்பிட்டால் போதும். படிவத்தில் பெயருக்கு ஒரு கட்டம், இனிஷியலுக்கு ஒரு கட்டம், அப்பா அல்லது அம்மா பெயருக்கு ஒரு கட்டம். கடைசிப் பெயர் இருக்கிறவர் போடட்டும், இல்லாதவரை ஏன் இல்லை என்று கேட்காதீர்கள். இதை எல்லா இடத்திலும் செய்தால் என் வியாபாரத்தில் பாதி போய்விடும், பரவாயில்லை.

சிக்கலைத் தானே வாங்கி வைத்துக்கொண்டு மக்களுக்கு எளிதாக்கிய வேலை இந்த நாட்டில் நடக்காமல் இல்லை. பின்கோடு அப்படி வந்ததுதான். 1972 ஆகஸ்ட் 15-இல் அறிமுகம் செய்தார்கள். ஒரே பெயரில் பல ஊர்கள், ஆளுக்கொரு மொழியில் முகவரி, புரியாத கையெழுத்து. இத்தனையையும் ஆறு இலக்கத்தில் அடக்கிவிட்டார்கள். முதல் எண் நாட்டின் எந்தப் பகுதி என்று சொல்லும், கடைசி மூன்றும் எந்த அஞ்சலகம் என்று சொல்லும், பிரிக்கிறவருக்கு ஊர்ப் பெயரைப் படிக்கத் தெரிய வேண்டும் என்றே அவசியமில்லை. சென்னைக்காரர்கள் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. அதற்கு முன்பே இங்கே தி. நகர் என்றால் மெட்ராஸ்-17, மயிலாப்பூர் என்றால் மெட்ராஸ்-4, திருவல்லிக்கேணி மெட்ராஸ்-5. ஜனங்களுக்கு அது மனப்பாடம். அதைக் கலைக்காமல் முன்னால் 600-ஐச் சேர்த்து 600 017, 600 004, 600 005 என்று ஆக்கினார்கள். புதிதாகக் கற்றுக்கொள்ள வேண்டியது மூன்றே இலக்கம், அதுவும் ஊர் முழுக்க ஒன்றே. ஒவ்வொரு முறையும் தளத்தைப் புதுப்பிக்கிறோம் என்று பழைய பட்டன்களை எல்லாம் இடம் மாற்றி வைக்கிறீர்களே, அப்போதெல்லாம் எனக்கு இந்த 600 ஞாபகத்துக்கு வரும்.

நம் ஊரிலேயே இன்னொன்று. 2021 மே மாதம் சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்று அரசு அறிவித்தது. விண்ணப்பம் உண்டா? இல்லை. அட்டை உண்டா? இல்லை. வருமான வரம்பு? அதுவும் இல்லை. பெண் பஸ்ஸில் ஏறுவாள், கண்டக்டர் கட்டணமில்லா டிக்கெட்டைக் கிழித்துக் கொடுப்பார். அந்தத் திட்டத்தால் என் கடைக்கு ஐந்து பைசா வரும்படி இல்லை, இதைவிடப் பெரிய பாராட்டை ஜெராக்ஸ் கடைக்காரனால் ஒரு திட்டத்துக்குத் தர முடியாது. 1982-இல் விரிவாக்கிய சத்துணவும் அப்படித்தான், சாப்பிட உட்கார்ந்த பிள்ளையிடம் வருமானச் சான்றிதழ் கேட்கவில்லை.

2023 செப்டம்பரில் மாதம் ஆயிரம் ரூபாய் மகளிர் உரிமைத் தொகை வந்தது. அதற்கு வரம்புகள் இருந்தன. குடும்ப வருமானம் ஆண்டுக்கு இரண்டரை லட்சத்துக்குள், மின்சாரம் ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்குள், நிலம் நன்செய் 5 ஏக்கருக்குள், புன்செய் என்றால் 10 ஏக்கருக்குள். பணத்தை வசதியுள்ளவர்களுக்கும் கொடுக்க முடியாதுதான், வரம்பு வைத்ததை நான் குறை சொல்லவில்லை. தனித்தனியாகப் பார்த்தால் எல்லாமே நியாயமான நிபந்தனை. ஆனால் நிபந்தனை ஒன்று கூடினால் அதை நிரூபிக்கும் வேலை ஒன்றும் கூடுகிறது. மூன்று குடித்தனத்துக்கு ஒரே மீட்டர் உள்ள வீட்டில் யாருடைய யூனிட் யார் கணக்கு? வடசென்னையில் அப்படி எத்தனை வீடு என்று உங்களுக்கே தெரியும். நிபந்தனையை எழுதும்போது மிச்சமாகும் தொகையைக் கணக்குப் போடுகிறீர்கள், நல்லது. அதைச் சரிபார்க்க ஆகும் ஆள்பலம், விண்ணப்பிக்கிறவர் விடும் ஒருநாள் கூலி, மேல்முறையீட்டுக்கு அலைவது, இவற்றையும் அதே தாளில் மறுபக்கம் எழுதிக் கழித்துப் பாருங்கள். சில நிபந்தனைகள் அங்கேயே விழுந்துவிடும்.

மீட்டர் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும், எளிமை என்ற சொல்லிலேயே மயங்கிவிடக் கூடாது. நம் மின்கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, முதல் 100 யூனிட் இலவசம், அதற்கு மேல் படிப்படியாக விகிதம் ஏறும். 500 யூனிட்டைத் தாண்டினால் அட்டவணையே மாறும். 500-க்குள் இருக்கும்போது 101-லிருந்து 200 வரை கிடைத்த குறைந்த விகிதம் அப்புறம் கிடைக்காது. சிக்கல்தான், ஆனால் ஏழைக்குச் சாதகமான சிக்கல். நம் ஊர் ஹவுஸ் ஓனர்கள் பலர் இதை அழகாக எளிமையாக்கிவிட்டார்கள். சப்-மீட்டர் போட்டு, ‘யூனிட்டுக்கு இவ்வளவு ரூபாய், அவ்வளவுதான்’ என்று ஒரே வரி. குடியிருப்பவருக்கு இலவச 100 யூனிட்டும் கிடையாது, குறைந்த விகிதமும் கிடையாது. கணக்கு எளிது, பாரம் ஒரே பக்கம். எங்காவது எளிமையாக்கிவிட்டோம் என்றால் யாருக்கு என்று கேட்டுவிடுவது என் வழக்கம்.

வாரிசுச் சான்றிதழுக்கு வருகிறேன். இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல அனுமதியுங்கள், ஏனென்றால் இதற்கு வருகிறவர்கள் எல்லோரும் வீட்டில் ஒரு சாவை முடித்துவிட்டு வருகிறவர்கள்.

ஒரு அக்கா, ஆட்டோ ஓட்டிய கணவர் இறந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. கையில் மஞ்சள் பை. அதில் வீட்டில் இருந்த காகிதம் எல்லாமே இருந்தது, கேஸ் புத்தகம் உட்பட. “வாரிசு சர்ட்டிபிகேட் போடணும்ண்ணா” என்றார். நான் யாருக்கும் உடனே லாகின் திறப்பதில்லை. “எதுக்குக்கா கேக்குறாங்க?” என்பேன். இந்த ஒரு கேள்வி பாதி வேலையை மிச்சப்படுத்தும். கணவரின் வங்கிக் கணக்கில் கொஞ்சம் பணம் இருக்கிறது, கிளையில் வாரிசுச் சான்றிதழ் கொண்டுவரச் சொன்னார்கள் என்றார். பாஸ்புக்கை வாங்கிப் பார்த்தேன். நாமினி பதிவாகியிருக்கிறது என்று முதல் பக்கத்திலேயே அச்சாகியிருந்தது. நாமினி இந்த அக்காதான்.

நாமினி இருக்கும் கணக்கில் இறப்புச் சான்றிதழும் நாமினியின் அடையாளமும் இருந்தால் பணத்தைக் கொடுத்துவிட வேண்டும், வாரிசுரிமைச் சான்று, ஜாமீன் பத்திரம் என்றெல்லாம் வற்புறுத்தக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2005-லேயே சொல்லிவிட்டது. பின்னால் வாரிசுகளுக்குள் பங்குத் தகராறு வந்தால் அது அவர்கள் பாடு, வங்கியின் பொறுப்பு அத்தோடு முடிந்தது. இது மக்களைவிட வங்கிக்குத்தான் வசதியான விதி! இருந்தும் கிளையில் இருப்பவர், எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு காகிதம் கூடக் கேட்கிறார். அந்தக் காகிதத்துக்கு என்ன வேண்டும் என்று அவருக்குத் தெரியாது. வாரிசுகள் எல்லோருடைய ஆதாரும் வேண்டும், ஊரில் இருக்கும் மாமியாரும் வாரிசு என்பதால் அவருடையதும் வேண்டும், அந்த அம்மாவுக்கும் இவருக்கும் பேச்சு வார்த்தை இல்லை. கிளை ஊழியர் சொன்ன மூன்று சொல்லுக்குப் பின்னால் இவ்வளவு இருக்கிறது. “நாமினி இருந்தும் வாரிசுச் சான்றிதழ் வேணும்னு எழுத்துல குடுங்கன்னு கேளுங்கக்கா” என்று சொல்லி அனுப்பினேன். எழுதிக் கொடுக்கவில்லை, பணத்தைக் கொடுத்துவிட்டார்கள்.

‘எதற்கும் இருக்கட்டும்’ என்று சேர்ந்த காகிதங்களை மட்டும் ஒரு தடவை உங்கள் படிவத்திலிருந்து பிரித்தெடுத்துப் பாருங்கள். எடுத்தால் ஏதாவது இடிந்து விழுமா என்ற பயம் வேண்டாம். ஒரு காலத்தில் எந்தச் சான்றிதழின் நகலுக்கும் கெசட்டட் அதிகாரியின் பச்சை மை கையெழுத்து வேண்டும். தெரிந்த டாக்டர், தெரிந்த ஹெட்மாஸ்டர் வீட்டு வாசலில் நிற்போம். அவர் அசலைப் பார்க்காமலே போட்டுத் தருவார். 2014-இல் மத்திய அரசு, சுய சான்றொப்பம், அதாவது நகலில் நாமே போடும் கையெழுத்து போதும், அசலைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று துறைகளுக்குச் சொன்னது. பச்சை மை போயிற்று. போலிச் சான்றிதழ் அதனால்தான் பெருகியது என்று நான் கேள்விப்படவில்லை. இன்னும் சில கல்லூரிகளும் கம்பெனிகளும் மட்டும் பழைய வாசகத்தை எடுக்க மறந்து அச்சடித்துக்கொண்டே இருக்கின்றன.

இந்த ‘எதுக்குக்கா’ கேள்வியால் நான் வாங்காமல் விட்ட காசு கொஞ்சம் இல்லை. +2 முடித்த பையனின் அப்பா இருப்பிடச் சான்றிதழ் வேண்டும் என்று வருவார். பொறியியல் கலந்தாய்வுக்கா, பையன் எட்டாவதிலிருந்து பன்னிரண்டு வரை எங்கே படித்தான் என்று கேட்பேன். இங்கேதான் என்றால் அந்தச் சான்றிதழே தேவையில்லை. அறிவிப்பில் அது இருக்கிறது, எட்டு பத்தி தாண்டி ஒரு உட்பிரிவில். அதை முதலில் ஒரு கேள்வியாகக் கேட்டு, ‘இங்கே படித்தவர் என்றால் இது வேண்டாம்’ என்று சொல்லும்படி தளத்தை அமைப்பது உங்களுக்கு ஒரு நாள் வேலை இருக்குமா? கடைச் சுவரில் அட்டையில் எழுதி ஒட்டியிருக்கிறேன், எந்தக் காரியத்துக்கு எதெல்லாம் வேண்டும், எது வேண்டாம் என்று. எது வேண்டாம் என்ற பகுதியைத்தான் எல்லோரும் போனில் படம் பிடித்துக்கொண்டு போகிறார்கள்.

மறுப்பு வாசகத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். விண்ணப்பம் தள்ளுபடி ஆனால் காரணம் என்ற இடத்தில் ‘போதிய ஆவணம் இல்லை’ என்று இருக்கும். எந்த ஆவணம்? ரேஷன் கார்டின் பின்பக்கம் விட்டுப்போனதா, ஸ்கேன் மங்கலா, அப்பா பெயர் ஒத்துப்போகவில்லையா? தள்ளியவருக்குத் தெரியும், அவர் பார்த்துத்தானே தள்ளினார். அந்த விவரத்தை அவர் தட்டச்சு செய்ய ஒரு நிமிடம் ஆகும். அதைச் செய்யாததால் விண்ணப்பித்தவர் அலுவலகத்துக்கு நேரில் போகிறார், சம்பந்தப்பட்டவர் ஃபீல்டுக்குப் போயிருக்கிறார், மறுநாள் மறுபடி போகிறார், கடைசியில் எல்லாவற்றையும் திரும்ப ஏற்றிப் புதிதாகக் கட்டணம் கட்டுகிறார். மறுத்தவர் மேசைக்கே அந்த விண்ணப்பம் மறுபடி வருகிறது. ஒரு நிமிடத்தை மிச்சப்படுத்தித் தனக்கே இரட்டை வேலை வைத்துக்கொள்கிறார் மனிதர்.

உள்ளே வேலைப்பளு இருப்பது எனக்குத் தெரியாமல் இல்லை. ஒரு சான்றிதழ் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், தாசில்தார் என்று படியேறிப் போக வேண்டும். தெளிவான விண்ணப்பமும் வில்லங்கமான விண்ணப்பமும் ஒரே வரிசையில் நின்று ஒரே படிகளை ஏறுகின்றன. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையை நினைத்துப் பாருங்கள். டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976-இல் 11 படுக்கைகளோடு தொடங்கியது. அங்கே அறுவை அறையில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு மேசை. டாக்டர் ஒரு மேசையில் அறுவை செய்யும்போதே அடுத்த மேசையில் அடுத்த நோயாளியைப் பயிற்சி பெற்ற பெண்கள் தயார் செய்து வைத்துவிடுவார்கள், அவர் திரும்பி உட்கார வேண்டியதுதான். டாக்டர் மட்டுமே செய்யக்கூடியது எது, மற்றவர் செய்யக்கூடியது எது என்று பிரித்ததுதான் அங்கே நடந்த பெரிய காரியம். வைத்தியத்தில் ஒன்றும் குறைக்கவில்லை. உட்பிரிவு தேவைப்படாத, அதாவது துண்டாகப் பிரிக்காமல் முழுசாக விற்கும் நிலத்தைக் கிரயம் செய்தால் பத்திரப்பதிவோடு பட்டாவும் தானாக மாறும் வசதியை நம் அரசே கொண்டுவந்திருக்கிறதே, அதுவும் இதே வழிதான். அளக்க வேண்டியதை மட்டும் சர்வேயர் பார்க்கட்டும். அண்ணனுக்கு நீங்கள் கொடுத்த சாதிச் சான்றிதழ் உங்கள் கணினியிலேயே இருக்கும்போது, கூடப்பிறந்த தம்பியின் விண்ணப்பம் எதற்காக முதல் படியிலிருந்து ஏற வேண்டும்?

2025 செப்டம்பரில் வந்த சென்னை ஒன் செயலியைப் பாருங்கள். மாநகரப் பேருந்து, மெட்ரோ, புறநகர் ரயில் மூன்றுக்கும் ஒரே க்யூஆர் டிக்கெட். மூன்றும் வெவ்வேறு நிர்வாகம், வெவ்வேறு கட்டண முறை, கணக்கு தனித்தனி. யார் பங்கு எவ்வளவு என்ற தலைவலி இன்னும் உள்ளே இருக்கத்தான் செய்கிறது. தாம்பரத்தில் ஏறுகிறவருக்கு அது தெரிய வேண்டியதில்லை. அதே மனசை விண்ணப்பங்களிலும் காட்டலாம். ஆனால் போன் இல்லாதவருக்குக் கவுன்ட்டரை மூடிவிடாதீர்கள். ஓடிபி ஒன்று போதும் ஒரு குடும்பத்தைக் கலங்கடிக்க. ஆதாரில் உள்ள நம்பர் மகனுடையது, மகன் திருப்பூரில் ஷிஃப்டில் இருப்பான், போனை லாக்கரில் வைத்திருப்பான். அம்மா என் கடை பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். நேரம் முடிந்து மறுபடி அனுப்பு என்று அழுத்துவேன், அதற்குள் தளம் வெளியே தள்ளிவிடும், முதலிலிருந்து எல்லாம் நிரப்ப வேண்டும். பாதி நிரப்பியதைச் சேமித்து வைத்தாலே போதும், இந்த அம்மாவுக்கு ஒரு நாள் மிச்சம்.

இதையெல்லாம் கமிட்டி போட்டு ஆராய வேண்டும் என்று நான் கேட்கவில்லை. +2 ரிசல்ட் வந்த வாரத்தில் ஒரு திங்கட்கிழமை காலை என் கடைக்கு, அல்லது உங்கள் அலுவலகத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஏதாவது ஒரு ஜெராக்ஸ் கடைக்கு வாருங்கள். அதிகாரி என்று சொல்ல வேண்டாம், ஸ்டூல் போட்டுத் தருகிறோம், மெஷின் பக்கம் கொஞ்சம் சூடாக இருக்கும். பதினொன்றுக்குள் வந்துவிடுங்கள், அதற்கு மேல் சர்வர் மெதுவாகிவிடும். வருவதற்கு முன் உங்கள் துறையின் படிவம் ஒன்றை, ஆபீஸ் கணினியில் இல்லாமல், சொந்தப் போனில், வீட்டில் யாருடைய உதவியும் கேட்காமல் கடைசிவரை நிரப்பிப் பாருங்கள். போட்டோ ஏறாவிட்டால் கொண்டுவாருங்கள், உங்களுக்கு மட்டும் இலவசமாகச் சின்னதாக்கித் தருகிறேன்.

இப்படிக்கு,
வடசென்னை ஜெராக்ஸ் கடைக்காரர் ஒருவர்